கணக்குப் பெட்டி மாறிய கதை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும் என்று என் கம்ப்யூட்டர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நானும் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கிக்கொண்டே இருந்தேன். புரட்டாசி கடைசியில், மனசு கேட்காமல், காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இது ஆறாவது தலைமுறை ஐ3 பிராசஸர் சார். விண்டோஸ் 11-க்கு எட்டாவது தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சிப்பும் வேணும். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றான். விலையையும் சொன்னான். அந்தத் தொகைக்கு நான் ஐந்து வீட்டுக் கணக்கு ஒரு வருஷம் எழுத வேண்டும்.

என் தொழிலைச் சொல்லவில்லையே. பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்கு அப்பா கணக்குப்பிள்ளை. முகப்பில், சாய்வான பலகை வைத்த கணக்குப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாற்பது வருஷம் எழுதினார். அவருக்குப் பிறகு நான். பெட்டிக்குப் பதில் கம்ப்யூட்டர். வீட்டுப் பராமரிப்புக் கணக்கு, முன்னோருக்குப் படைக்கிற படைப்புச் செலவு, புள்ளி வரி வசூல் என்று இப்போது ஐந்து வீடுகளுக்குப் பார்க்கிறேன். வெளியூர் வாசகர்களுக்கு: நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. பொதுக் காரியம் எதுவானாலும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வரி. சென்னை, கோலாலம்பூர், நியூ ஜெர்சி என்று சிதறிக் கிடக்கும் புள்ளிகளைச் சேர்த்து வைத்திருப்பதுதான் என் பிழைப்பு.

பணம் கட்டியோ வேறு வழியிலோ இன்னும் ஒரு வருஷம் அப்டேட்டை நீட்டிக்கலாம் என்றார்கள். வாய்தா வாங்கி என்ன செய்ய, ஒரு வருஷம் கழித்து இதே கடையில் இதே தம்பி இதையேதான் சொல்லப்போகிறான். ஓடுகிற மிஷினை, அதுவும் ஒரு பல்லும் விழாத மிஷினை, குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு நான் போனது இந்தக் கஞ்சத்தனத்தால்தான். கட்டற்ற மென்பொருள் கொள்கை எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

லினக்ஸ் எனக்கு முழுக்கப் புதுசும் இல்லை. அரசு கொடுத்த இலவச மடிக்கணினி தங்கை வீட்டில் ஒன்று இருந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எங்கள் ஊரில் அதைத் திறந்து பார்த்த ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. சினிமா போட இடம் பற்றவில்லை என்று முதலில் அழிக்கப்பட்டது அதுதான். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு லினக்ஸ் வந்து, சத்தம் போடாமல் திரும்பிப் போன கதை அது.

மருமகன், தங்கை மகன், காரைக்குடியில் பி.சி.ஏ. படிக்கிறான். "லினக்ஸ்லயே மிண்ட்னு ஒரு வகை இருக்கு, அதைப் போடுங்க மாமா, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நாலு ஜிபி ராமுக்கு அதுதான் தோது" என்றான். மிண்ட் 22.2, அப்போதுதான் வந்திருந்தது. 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் குறைவான ஒரே ஃபைல். இறக்கினோம். இறக்கியது பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்க அவர்கள் தளத்தில் ஒரு சரிபார்ப்பு வரிசை கொடுத்திருக்கிறார்கள், 64 எழுத்து. நம் பக்கத்தில் கணக்கிட்டு வருகிற 64 எழுத்தோடு அது ஒத்துப்போக வேண்டும். "முதல் நாலும் கடைசி நாலும் பார்த்தாப் போதும் மாமா" என்றான் அவன். அப்பா இருந்திருந்தால் அறைந்திருப்பார். நான் வாசிக்க வாசிக்க அவன் ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரி பார்த்தான், 64-ம்.

பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரைப் போடும்போதே எஃப்12-ஐத் தட்டினால், ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடுகிறது. பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஒரு நாள் தங்கிப் பார்க்கிற மாதிரி. வைஃபை வந்தது, சத்தம் வந்தது, திரை சரியாக இருந்தது. சரி, பழைய ஃபைல்களைப் பார்ப்போம் என்று விண்டோஸ் இருந்த பகுதியைத் திறந்தால், படிக்க விடுகிறது, எழுத விடவில்லை. அரை நாள் குழம்பினேன். விண்டோஸை நாம் "ஷட் டவுன்" கொடுத்தாலும் அது முழுக்கத் தூங்குவதில்லையாம். அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று அரைக்கண் திறந்து படுத்திருக்குமாம். அந்த நிலையில் லினக்ஸ் அதன்மேல் கை வைக்க மறுக்கிறது. ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால்தான் உண்மையான தூக்கம். எட்டு வருஷம் பழகிய மிஷின் ஒரு நாள்கூட ஒழுங்காகத் தூங்கியதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டேன். மொத்தச் செலவு அதுதான். நிறுவியது இருபது நிமிஷத்துக்குள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விண்டோஸ் சும்மா இருக்கும்போதே ராமில் முக்கால்வாசியைச் சாப்பிடும். இது ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. புள்ளி வரி எக்செல் ஃபைல்கள் லிப்ரே ஆபீஸில் திறந்தன. மேக்ரோ வைத்த ஒன்று மட்டும் மக்கர் பண்ணியது, அதைத் திருப்பி எழுதிக்கொண்டேன்.

பிரின்டர்தான் உயிரை எடுத்தது. தாலுகா ஆபீஸ் முதல் பத்திரம் எழுதுகிறவர் மேஜை வரை எங்கும் பார்க்கக்கூடிய அந்தச் சின்ன லேசர் பிரின்டர்தான் என்னிடமும். பொது மொழி பேசாது, தன் கம்பெனி டிரைவர் சொன்னால்தான் கேட்கும். மூன்று சாயங்காலம் போராடி ஓட வைத்தோம். இன்றைக்கும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கோபித்துக்கொள்கிறது. அணைத்துப் போட வேண்டும். லினக்ஸுக்கு மாறப்போகிறவர்கள் எதை விசாரிக்காவிட்டாலும் பிரின்டரை விசாரித்துவிடுங்கள்.

விஷயம் பெரிய வீட்டு ஆச்சி காதுக்குப் போய்விட்டது. படைப்புக் கணக்குக் கொடுக்கப் போனபோது கேட்டார்கள்.

"என்ன தம்பி, பெட்டிய மாத்திப்புட்டீகளாமே. பழசுக்கு எவ்வளவு கொடுத்தான்?"

"பெட்டி அதேதான் ஆச்சி. உள்ள ஓடுறதைத்தான் மாத்தினேன்."

"அது என்ன விலை?"

"விலை இல்லை ஆச்சி. சும்மா."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். "சும்மா எவன் கொடுப்பான்? இன்னிக்குக் கொடுப்பான், நாளைக்கு வட்டியோட கேப்பான்."

வட்டிக்குக் கொடுத்து வாங்கிய பரம்பரையில் இப்படித்தான் கேட்பார்கள், நியாயம்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், யாரும் ஓட்டலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்கிற மாதிரி ஒரு இயங்குதளம் எழுதப்போவதாக அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், பொழுதுபோக்குக்குச் செய்கிறேன் என்று சொல்லி அதற்கு வேண்டிய நடுப்பகுதியை எழுதினார், அதுதான் லினக்ஸ். இரண்டும் சேர்ந்தது. கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்: இந்த உரிமைகளைப் பிறகு பிடுங்க முடியாது, மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் அவருக்கும் இதே உரிமையோடுதான் கொடுக்க வேண்டும்.

"பத்திரம் இருக்கா?"

"இருக்கு ஆச்சி. லைசென்ஸ்னு பேரு."

"அப்ப ரிப்பேரானா யாரைக் கேப்பீக?"

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. "யாரையும் கேக்கலாம் ஆச்சி, எல்லாருக்கும் பொது" என்றேன். ஆச்சி மேலே பார்த்தார்கள். வளவு வடக்குச் சார்ப்பில் ஓடு சரிந்து, பர்மாத் தேக்கு உத்தரத்தில் தண்ணீர்க் கறை இறங்கியிருக்கிறது, மூன்று மழைக்காலமாக. அந்த வீட்டுக்கு இப்போது முப்பத்தெட்டுப் பங்காளிகள். சாவி எல்லாரிடமும் இருக்கிறது. ஓட்டுக்காரனைக் கூப்பிடுகிறவர்தான் யாரும் இல்லை. "எல்லாருக்கும் பொதுன்னா இப்படித்தான் தம்பி" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆச்சி சொன்னதில் தப்பே இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சின்ன நிரல் பற்றி ஒரு செய்தி வந்தது, பலர் படித்திருப்பீர்கள். ஃபைல்களைச் சுருக்கி வைக்கிற நிரல். உலகத்தில் பெரும்பாலான லினக்ஸ் மிஷின்களில் அது இருக்கும், பராமரித்தது ஏறக்குறைய ஒரே ஆள், சம்பளம் இல்லாமல். அவர் களைத்துப் போயிருந்த நேரத்தில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருஷம் பொறுமையாக நல்ல பிள்ளையாக வேலை செய்து, சாவி கையில் வந்ததும் பின்வாசலில் ஓட்டை போட்டார். 5.6.0, 5.6.1 பதிப்புகள். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில். வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து மிஷினுக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடி! விடாமல் நோண்டிப் பார்த்ததில் எல்லாம் வெளியே வந்தது. மிண்ட் மாதிரி நிதானமாக வெளியிடுகிற பதிப்புகளுக்கு அது வந்து சேருவதற்குள் பிடிபட்டுவிட்டது.

நல்ல காலம் என்றும் சொல்லலாம். என்னைக் கேட்டால், உள்ளே பார்க்க முடிந்ததால்தான் அவரால் அரை விநாடியைத் துரத்திக்கொண்டு போக முடிந்தது. ஆனால் ஓடு மாற்ற ஆள் இல்லாத பிரச்சினை இங்கேயும் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. நான் இப்போது வருஷத்துக்கு ஒரு தொகையை மிண்டுக்கு அனுப்பி, என் கணக்கில் "புள்ளி வரி" என்றே எழுதிக்கொள்கிறேன்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

மாறிய மூன்றாம் நாள், 2011-இல் அடித்த ஒரு கடிதத்தைத் திறந்தேன். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. பக்கம் முழுக்க இப்படி. அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. எம் என்ற எழுத்துக்கு அ-வின் உருவத்தை மாட்டிவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான்; கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் அடித்தது தமிழே இல்லை. அந்த எழுத்துருவை இங்கே கொண்டுவந்து போட்டதும் தமிழ் வந்துவிட்டது. விண்டோஸிலும் எழுத்துரு இல்லாவிட்டால் இதே கதிதான், குற்றம் லினக்ஸ் மேல் இல்லை. பல வருஷமாக அந்த எழுத்துரு அங்கேயே கிடந்ததால் எனக்குத் தெரியாமல் இருந்தது. வீடு மாற்றும்போதுதானே பரணில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிறோம்.

பார்த்தால், 611 ஃபைல். பதினைந்து வருஷ எழுத்து. ஒன்றில்கூடத் 'தேடு' கொடுத்தால் ஒரு தமிழ்ச் சொல் கிடைக்காது. அப்பா எழுதிய 1974-ஆம் வருஷக் கணக்குச் சிட்டை அதே அலமாரியில் இருக்கிறது. ஓரம் செல்லரித்திருக்கிறதே தவிர ஒரு வரி விடாமல் படிக்கலாம். அவர் மைக்கூட்டை நம்பியதில் பாதி அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற பொது முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தோம். ஓப்பன்-தமிழ் என்று பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு இலவசத் தொகுப்பு இருக்கிறது. பாமினியிலிருந்து மாற்ற அதில் வழி உண்டு. மருமகன் பத்து வரி எழுதினான். கேட்க எளிதாக இருக்கிறதே தவிர அவ்வளவு எளிதில்லை. பழைய எழுத்துருவில் 'கொ' என்றால் கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான்: கொம்பு, க, கால், மூன்று தட்டு. யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால், இரண்டே குறி. ஒவ்வொரு கொம்பையும் பிடுங்கி அடுத்த எழுத்துக்குப் பின்னால் நட வேண்டும். அதாவது பரவாயில்லை. நான் இடையிடையே ஆங்கிலத்திலும் அடித்திருந்தேன். அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிட்டது. கணக்கின் அடியில் 'டோட்டல்' என்று ஆங்கிலத்தில் இருந்ததெல்லாம் 'வுழவயட' ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கில் வுழவயட. இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டு, எழுத்துருப் பெயரைப் பார்த்து ஆங்கிலத்தை விட்டுவிடும்படி நிரலை மாற்றினான்.

தட்டச்சுக்கு நான் பயந்த அளவு ஒன்றும் ஆகவில்லை. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறை உள்ளேயே இருக்கிறது. எனக்கு லோயர், ஹையர் பாஸ் பண்ணிய விரல், பழைய டைப்ரைட்டர் விசைப்பலகைதான் வரும். அதுவும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. சிட்டையில் அப்பா போடுகிற குறிகள்: வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸. நான் இத்தனை நாள் 'ப', 'வ' என்று அடித்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இவை 2003 முதலே யூனிகோடில் இருக்கின்றனவாம். அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னக் குறிகளும் 2019-இல் சேர்ந்துவிட்டன; நோட்டோ எழுத்துருத் தொகுப்பில் அவற்றுக்கு உருவமும் உண்டு. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. ஒரு ரூபாயை 320 ஆக நறுக்கி வரவு வைத்த ஊரில் பிறந்துவிட்டு, அதை அடிக்க எழுத்து இல்லை என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது அப்பாவின் சிட்டைகளை அவர் எழுதிய குறியோடே அடித்து வருகிறேன். படைப்புக் கணக்கில் ௷ போட்டு அனுப்பியதற்கு கோலாலம்பூர்ப் புள்ளி ஒருவர், "இது என்ன வைரஸா?" என்று கேட்டிருந்தார்.

611-இல் 602 மாறிவிட்டன. மீதி ஒன்பது மாறவில்லை. பாமினி இல்லை, மருமகனுக்குத் தெரிந்த எந்தக் குறியேற்றமும் இல்லை. ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்த எழுத்துருவாக இருக்கும். அந்த மிஷினும் செத்து, சிடியும் போய்விட்டது. வெறும் உரைக் கோப்புகள், எழுத்துருப் பெயர்கூட உள்ளே இல்லை. எட்டு, பழைய அழைப்பிதழ் வாசகங்கள், போனால் போகட்டும். ஒன்பதாவது, 2007-இல் அப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தது. அப்போது அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று அடித்தேன், என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை நினைவில்லை.

ஆனால் அப்பா எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் பிள்ளையார் சுழி. அடுத்த வரி சிவமயம். ஃபைலைத் திறந்து பார்த்தேன். முதல் வரியில் ஒரே ஒரு குறி. அப்படியானால் அது உ. இரண்டாம் வரியில் ஆறு குறி, மூன்றாவதும் ஐந்தாவதும் ஒன்று. சி, வ, ம, ய, ம, புள்ளி. கணக்கு நேர்! புள்ளி கிடைத்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி. மூன்றாம் வரி ஊர்ப் பெயராகத்தான் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்: ஒன்பது குறி, இரண்டாவதும் நாலாவதும் ஒன்று, மூன்றிலும் ஆறிலும் ஒன்பதிலும் புள்ளி. பள்ளத்தூர். ப, ள, த, தூ, ர.

இத்தனை எழுத்தையும் போட்டு நிரப்பியபோது நாலாம் வரியில் முழுசாக வந்தது ஒரு சொல், 'பவளம்'. கொஞ்சம் தள்ளி 'பத்தர்'. நடுவில் ஆறேழு குறிகள் இன்னும் இருட்டு.

எங்கள் வீட்டில் நான் பவளத்தைப் பார்த்ததே இல்லை. எந்த நகைப் பத்தர், யாருடைய பவளம்? அம்மா அடுப்படியில் இருந்தாள். "அம்மா, நம்ம வீட்ல பவளம் எதுவும் இருந்துச்சா?" என்று கேட்டேன். கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அதை உனக்கு யார்ரா சொன்னா?"

"அப்பாதான்."

ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் இருந்த குறிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இந்த வளைஞ்ச எழுத்து 'ட'வா இருக்கும், போட்டுப் பாரு" என்றாள்.